உள்ளங்கைக் களம்

அப்பு, அந்தக் குடையை விரிச்சுக்கிட்டு இப்படி வந்து உக்காரு. உங்கம்மா கூழ்வடகம் ஊத்திட்டு, புறா வராம, குரங்கு வராம பாத்துக்கங்க மாமான்னு என்னைய இந்த மொட்டைமாடியில காவலுக்குப் போட்டிருக்கா. எழுபத்தெட்டு வயசுல டில்லிக்கு வந்து எனக்குக் கெடைச்ச உத்தியோகம் இது. சம்பளம் கெடையாது. வெயிலு மட்டும் போதும் போதும்ங்கிற அளவுக்கு உண்டு.

துணிக்கு நாலு மூலையிலயும் பாரம் வைக்கணும்ல. மூணு மூலைக்குச் செங்கல்லு கெடைச்சுச்சு. நாலாவது மூலைக்கு உன் மேசையில கெடந்த கருப்புச் சாமானைத் தூக்கியாந்து வச்சிருக்கேன். முதுகுல கட்டம் கட்டமா மினுக்குதே, சோலார் பவர் பேங்கு, அதான். மொறைக்காத. ஆயிரத்தெண்ணூறு ரூவா குடுத்து நீ வாங்கினதுலேருந்து அது செஞ்ச உருப்படியான சோலி இது ஒண்ணுதான்.

சரி, நேத்து ராத்திரி நீ கேட்ட விசயத்துக்கு வருவோம். நீயும் உன் கூட்டாளிக ரெண்டு பேரும் சேந்து போனுக்கு ஒரு மேலுறை செய்யப் போறீக. உறையோட முதுகுல சூரியத் தகடு. வெயில்ல நடந்தாலே சார்ஜ் தானா ஏறிக்கிரும். அதுக்கு மொதலு அஞ்சு லட்சம் வேணும், கமுதிப் பக்கம் சும்மா கெடக்குற ரெண்டு ஏக்கரை வித்துக் குடுங்க ஐயான்னு கேட்ட. உங்கப்பன் சோத்துத் தட்டோட எந்திரிச்சுப் போயிட்டான். நான் போகல. யோசிச்சுச் சொல்றேன்னேன். ராத்திரி பூரா யோசிச்சேன். உங்க வீட்டுக் கூலர் சத்தத்துல தூக்கம் வரலைங்கிறது வேற கதை.

நான் படிச்சது நாலாங் கிளாஸு. எனக்குத் தெரிஞ்ச சூரிய சக்தியெல்லாம் மிளகா வத்தல் காயப்போடுறதுதான். நம்ம ராமநாதபுரம் முண்டு இருக்கே, குண்டு மிளகா, 2023ல அதுக்குப் புவிசார் குறியீடு கூடக் குடுத்துட்டாங்க. பழத்தைப் பறிச்சாந்து களத்துல கொட்டினா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஒத்தை வரிசையா பரப்பணும். ஏறிச்சோ, அடியில கெடக்குறது காயாது. வெளுத்துச் சோடையாப் போகும், யாவாரி காலால தள்ளிவிடுவான். ஏன்னு நெனைக்கிற? வெயிலு கொட்டத்தான் செய்யுது. ஆனா மூட்டையைக் கவுத்துற மாதிரி ஒரே எடத்துல கொட்டாது, தூவிக்கிட்டே போகும். உன்கிட்ட எவ்வளவு களம் இருக்கோ அவ்வளவு வெயிலுதான் உனக்குச் சொந்தம். களம் இல்லாதவன் தார் ரோட்டு ஓரத்துல காயப்போடுவான், பஸ்ஸு ஏறி நசுக்கிட்டுப் போகும், அதையும் சகிச்சுக்குவான். உள்ளங்கையில காயப்போட்டவன் எவனையாவது நீ பாத்திருக்கியா?

காலையில உன் போனைக் கேட்டு வாங்கினேன்ல. கேண்டி கிரஷ் ஆடத்தான் வாங்குறேன்னு நெனைச்சுச் சிரிச்ச. உங்கம்மாவோட தையல் டேப்பை வச்சு அளந்தேன். 15 சென்டிமீட்டர் நீளம், 7 அகலம். கூடக்கொறைய இருந்தா நூலளவு. உங்க மேலுறை நோட்டீசுலயே நீ எழுதியிருக்க, உச்சி வெயிலு ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட்டுன்னு. ஒரு சதுர மீட்டர்ல உன் போனை அடுக்கினா தொண்ணூத்தஞ்சு போனு அடுக்கலாம். அப்ப ஒரு போனுக்கு விழுறது 10 வாட்டுச் சொச்சம். அதையும் தகடு முழுசா மாத்தாது. நல்ல தகடா இருந்தா நூத்துக்கு இருபது மாத்தும், மிச்சமெல்லாம் சூடா நின்னுக்கிரும். ஆக, உன் கைக்கு வர்றது 2 வாட்டு. உன் கட்டிலுக்குப் பக்கத்துல செருகியிருக்கியே சார்ஜரு, அதுல 25ன்னு போட்டிருக்கு. கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் படிச்சேன்.

இப்ப கொள்ளளவுக்கு வா. உன் போனுக்குள்ள இருக்குற குதிரு 5,000 மில்லி ஆம்பியர்-மணி. வாட்-மணிக் கணக்குல 19ன்னு நீதான் சொன்ன. மணிக்கு 2ன்னு அளந்து கொட்டினா நெறைய ஒம்பதரை மணி நேரம் ஆகும். அந்த ஒம்பதரை மணி நேரமும் உச்சிப்பொழுதாவே நிக்கணும். உச்சிங்கிறது என்ன, உங்கப்பன் ஆபீசுச் சாப்பாட்டு நேரமா, இழுத்துக்கிட்டே போறதுக்கு? டில்லியில வருசத்துக்குச் சராசரி பாத்தா, ஒரு நாளைக்கு உச்சி வெயிலுக்குச் சமானமா கெடைக்கிறது அஞ்சு மணி நேரம். அப்ப ரெண்டு நாளு. அந்த ரெண்டு நாளும் போனைக் குப்புறப் போட்டுட்டு, தொடாம, பேசாம, பாக்காம இருக்கணும். அப்படி இருக்கத் தெரிஞ்சவனுக்குப் போனு எதுக்குடா அப்பு?

குப்புறப் போட்டுன்னு சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் நெனைச்சுப் பாரு. தகடு முதுகுல இருக்கு. நீ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கையில முதுகு தரையைப் பாத்துக்கிட்டு இருக்கும். நீ பாக்காத நேரம் அது கால்சட்டைப் பைக்குள்ள இருக்கும். உன் கால்சட்டைக்குள்ள என்ன வெயிலு அடிக்குதுன்னு எனக்குத் தெரியாது. அட, வெயில்லயே நின்னு பாக்குறன்னு வச்சுக்க, கண்ணு கூசுதுன்னு திரை வெளிச்சம் தானா உச்சத்துக்கு ஏறிக்கிருது. அப்பப் பின்வாசல்ல வர்ற வரவு முன்வாசல்ல போற செலவுக்கே பத்தாது.

இதெல்லாம் உனக்குத்தான் மொதமொதலா தோணுச்சுன்னு எண்ணிக்கிட்டு இருக்காத. 2009 ஜூன்ல சாம்சங் கம்பெனிக்காரங்க இந்தியாவுலயே ஒரு போனை எறக்கினாங்க. பேரு சோலார் குரு. வெலை 2,799 ரூவா. முதுகுல தகடு. ஒரு மணி நேரம் வெயில்ல வச்சா 5லேருந்து 10 நிமிசம் பேசலாம்னு அவங்களே சொன்னாங்க. மறைக்கல, அது வரைக்கும் யோக்கியம். அதுவும் அப்பப் பொத்தான் போனு. ஒரு தடவை ஏத்தினா நாள்கணக்குல தாங்கும், படம் காட்டாது, பாட்டை நிறுத்தாம ஓட்டாது. கரண்டே எட்டிப்பாக்காத ஊருல, ராத்திரி ஒருத்தனைப் பாம்பு தீண்டிருச்சுன்னா ஆம்புலன்சுக்குத் தாக்கல் சொல்ல அந்தப் பத்து நிமிசம் போதும். அந்த எடத்துல அது குலசாமி. நான் கும்பிட்டுக்குவேன். ஆனா உங்க அப்பத்தாவுக்கு அந்தப் போனைக் குடுத்திருந்தா, சாப்பிட்டியாங்கிறதுக்கும் என்ன கொழம்புங்கிறதுக்கும் நடுவுலயே அணைஞ்சு போயிருக்கும்.

அதுக்கப்புறம் 2015ல ஜப்பான்காரன் கியோசெரா ஒரு முன்மாதிரிப் போனைக் காட்டினான். கண்ணாடிக்கு அடியிலயே கண்ணுக்குத் தெரியாத தகடு. மூணு நிமிச வெயிலுக்கு ஒரு நிமிசப் பேச்சு. 2025 மார்ச்சுல பார்சிலோனா கண்காட்சியில இன்ஃபினிக்ஸ் கம்பெனி ஒண்ணு காட்டுச்சு. பெரோவ்ஸ்கைட்னு புதுசா ஒரு தகடாம், வாயில நொழைய மாட்டேங்குது. அவ்வளவு பெரிய கம்பெனி, அவ்வளவு பெரிய ஆராய்ச்சி, கடைசியில அதிகபட்சம் எவ்வளவு வந்துச்சுங்கிற? 2 வாட்டு. நான் உங்கம்மா தையல் டேப்புல அளந்து சொன்ன அதே 2. கம்பெனி பெருசா இருக்கலாம் அப்பு, ஆனா களம் அதே உள்ளங்கைதான்.

வடகத்தைப் பாரு, அந்தப் பக்கம் ஒரு புறா. ச்சூ... போ. ம், என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்?

சூடு. அதான் இதுல கொடுமை. வெயில்ல வச்சாத்தான் ஏறும். வெயில்ல வச்சா பேட்டரி சாகும். பந்திக்குக் கூப்பிட்டு ஒக்காரவச்சு எலையைப் புடுங்குற கதை. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்தக் கூடாதுன்னு செய்யறவங்களே எழுதி வச்சிருக்காங்க. டில்லி மே மாசத்துல காத்தே 45ஐத் தொடுது. கருப்புத் தகட்டை முதுகுல கட்டி வெயில்ல போட்ட போனு எம்புட்டுக் கொதிக்கும்? அதுக்கே புத்தி வந்து, "சூடு ஆறட்டும், அப்புறம் ஏத்திக்கிறேன்"னு சார்ஜை நிறுத்திப் போடுது. தகட்டுக்கும் இந்தச் சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கொறைய வெளைச்சல் விழுந்துக்கிட்டே போகும். சித்திரை வெயிலுன்னா சோலாருக்குக் கொண்டாட்டம்னு ஊருல பேசிக்கிறாங்க. சோலாருக்குப் பிடிச்சது வெளிச்சம் அப்பு, வேக்காடு இல்ல.

இந்த ஊரு வேக்காடு எப்பேர்ப்பட்டதுன்னா, 2024 மே 29ஆம் தேதி முங்கேஷ்பூர்ல 52.9 டிகிரின்னு கருவி காட்டிருச்சு. நாடே அலறுச்சு. அப்புறம் வானிலைத் துறைக்காரங்க போய்ச் சோதிச்சுப் பாத்துட்டு, கருவி 3 டிகிரி கூட்டிக் காட்டிருச்சுன்னு சொன்னாங்க. வெயில்ல நின்னு நின்னு கருவிக்கே மேலுக்குச் சொகமில்லாமப் போன ஊருல, நீ போனைக் காயவைக்கணும்ங்கிற.

கார்த்திகையில வா, வேற கூத்து. அப்பச் சூடு இல்ல, சூரியனே இல்ல. பொகை. டில்லி வானத்துப் பொகையால மட்டும் வருசத்துக்குச் சுமார் 12 சதவீத வெயிலு தரைக்கு வராமலே போகுதுன்னு 2018ல ஆராய்ச்சிக்காரங்க கணக்குப் போட்டுச் சொல்லியிருக்காங்க. இது வானத்துல நிக்கிற தூசி. தகட்டு மேல படியிற தூசி தனிக் கணக்கு. குஜராத்துல காந்திநகர் ஐ.ஐ.டி.யில வாரக்கணக்கா தொடைக்காம விட்ட தகட்டைத் தொடைச்சுப் பாத்தாங்களாம், பாதிக்குப் பாதி கூடுதலா கரண்டு வந்துச்சாம். உன் பவர் பேங்கை நான் இன்னைக்கு வேட்டி முந்தியால தொடைச்சேன். வேட்டி கருத்துப் போச்சு. அது கருத்ததுதான் மிச்சம்.

தொடைக்கிறதுன்னதும் நம்ம ஊரு ஞாபகம் வருது. கமுதிக்குப் பக்கத்துல செங்கப்படையில 2016ல அதானி கம்பெனி சூரியத் தகட்டுப் பண்ணை போட்டுச்சே, பாத்திருக்கியா? 2,500 ஏக்கரு. இருபத்தஞ்சு லட்சம் தகடு. 648 மெகாவாட்டு. எட்டே மாசத்துல கட்டி முடிச்சாங்க. தண்ணியில்லாத காடுன்னு உத்தியோகஸ்தனை மாத்திவிடுற சீமை நம்ம சீமை. மிளகாயை விட்டா, சீமைக்கருவேலை வெட்டி கரிமூட்டம் போடுறதைத் தவிர வேற வெள்ளாமை தெரியாத எடம். அங்க போய்த் தகட்டை நட்டான். தெனமும் ரோபோ வந்து ஒவ்வொரு வரிசையா தூசியைத் தொடைச்சுவிட்டுட்டுப் போகுது. எனக்கு ஆளு வச்சுத் தோளைத் தேய்ச்சுவிடக் கூட வக்கில்ல. அந்தக் கம்பெனி மேல எனக்கு அபிமானமும் இல்ல, கோவமும் இல்ல. ஆனா களம் இல்லாம வெயிலை அறுக்க முடியாதுங்கிறதை அவன் தெரிஞ்சு வச்சிருக்கான். அதனாலதான் மொதல்ல நெலத்தை வாங்கினான். நீ நெலத்தை விக்கச் சொல்ற. யாருக்குடா இதுல விவரம் கூட?

கோவிச்சுக்காத. இந்த டில்லி வாசல்லயே ஒரு பாடம் நடந்துச்சு, அதைச் சொல்றேன். 2020 நவம்பர் கடைசியில பஞ்சாப், ஹரியானா விவசாயிக டிராக்டர்ல வந்து சிங்கு எல்லையில போராட்டம்னு ஒக்காந்தாங்கள்ல. ஒரு வருசத்துக்கு மேல ரோட்டுலயே குடித்தனம். 2021 டிசம்பர்லதான் கூடாரத்தைக் கலைச்சாங்க. நான் ஊருல டிவியில பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாளு டிராலி ஒண்ணைக் காட்டினாங்க. உள்ள வைக்கோலு, மெத்தை, ரஜாய்ப் போர்வை, கோதுமை மூட்டை. மேல பாத்தா சூரியத் தகடு! அதுலேருந்து வயரு எறங்கி ஒரு பேட்டரிக்கு வருது. பேட்டரியிலேருந்து கொத்துக் கொத்தா வயரு, அதுல வரிசையா போனுக. பக்கத்து டிராலிக்காரனும் தன் போனைக் கொண்டாந்து செருகுறான். வீட்டுக்குப் பேச, மறுநாள் கூட்டத்துக்குத் தாக்கல் அனுப்ப, நாங்க இங்கதான் இருக்கோம்னு ஊருக்குப் படம் காட்ட, எல்லாத்துக்கும் அந்தத் தகடுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. போராட்டத்தோட ஞாயம் அநியாயம் பேச இப்ப நேரமில்ல. நான் பாத்தது அந்தச் சம்சாரிப் புத்தியை. அந்தச் சர்தாரு தகட்டைப் போன் முதுகுல ஒட்டல பாத்தியா? டிராலிக் கூரையில போட்டான். கூரைதான் களம். பேட்டரிதான் குதிரு. போனு வந்து மரக்கால்ல அளந்து வாங்கிட்டுப் போற வீடு. வெயிலு களத்துல காயட்டும், போனு நெழல்ல இருக்கட்டும். மார்கழிப் பனி மூட்டத்துல, கை வெறைக்கிற குளுருல, அவனுக்கு அது ஓடுச்சு. இஞ்சினியரு படிக்காதவன் செஞ்ச வேலை அது. உன்னைக் குத்திச் சொல்லல, தானா வந்து விழுந்துருச்சு.

இதையே படிச்சவங்களும் செஞ்சிருக்காங்க. இங்க லோதி ரோட்டுல டெரின்னு ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்குல்ல, அவங்க 2008ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. நூறு கோடி பேரு வாழ்க்கைக்கு வெளக்கேத்துறோம்னு பேரு. கரண்டு இல்லாத கிராமத்துல ஒரு வீட்டுக் கூரையில தகடு. பகல்ல அந்த வீட்டுல லாந்தரு பூரா சார்ஜ் ஏறும். சாயங்காலம் சனங்க வந்து வாடகைக்கு எடுத்துட்டுப் போவாங்க, காலையில திருப்பிக் குடுப்பாங்க. போகப் போகப் போனுக்கும் அங்கயே சார்ஜ் போட ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் போனுக்குக் கரண்டு ஏத்த சந்தைக்கு நடந்து போய்க் காசு குடுத்தவங்க இருக்காங்க, நம்ப முடியுதா? ஒரு கூரை, ஊருக்கே களம். ஆளுக்கொரு தகட்டை முதுகுல கட்டிக்கிட்டு அலையல.

சின்னதுல சூரியன் ஒட்டவே ஒட்டாதான்னு கேப்ப. ஒட்டும். வாய் சின்னதா இருந்தா ஒட்டும். நம்ம மளிகைக்கடை அண்ணாச்சி கால்குலேட்டரு நெத்தியில ஒரு பட்டைத் தகடு இருக்கும்ல, கடை டியூப்லைட்டு வெளிச்சத்துலயே வருசக்கணக்கா கணக்குப் போடும். 1976லயே சிட்டிசன் கம்பெனி வெளிச்சத்துல ஓடுற கைக்கெடியாரம் கொண்டாந்துட்டான். அதுகளோட பசி குருவிப் பசி. உன் போனு யானை. யானைக்குக் குருவிக்கூட்டுல தீனி வைக்கிற.

போன ஞாயித்துக்கெழமை ஜந்தர் மந்தருக்குக் கூட்டிட்டுப் போனியே, அங்க பாத்தோமே செவப்புச் சுவரு, சாஞ்ச முக்கோணம் மாதிரி வானத்தை நோக்கிப் படிக்கட்டு. சவாய் ஜெய்சிங் ராசா 1724ல கட்டினது. முன்னூறு வருசத்துக்கு முன்னாடியே சூரியனை வச்சு மணி சொன்னது. பேட்டரி கெடையாது, அப்டேட்டு கெடையாது. நீ அங்க நின்னுக்கிட்டு, போன்ல நாலு சதவீதம்தான் இருக்குன்னு தவிச்சுக்கிட்டு இருந்த. அதை விட எனக்குக் கண்ணுல பட்டது வேற. சுத்தி வானம் முட்டக் கட்டடத்தை எழுப்பி, ராசா கட்டின கருவிக்கே நெழலு தட்ட வச்சுட்டாங்க. சூரியனை நம்பி எதைச் செஞ்சாலும் பக்கத்து வீட்டுக்காரன் எத்தனை மாடி கட்டுவான்னு பாத்துக்கிட்டுத்தான் செய்யணும் இந்த ஊருல.

இப்ப ஒரு ரகசியம் சொல்றேன், கிட்ட வா. நீ தெனமும் சூரிய சக்தியிலதான் போனுக்குச் சார்ஜ் போடுற. சத்தியமா. மயூர் விகார்ல மெட்ரோ ஏறினதும் நீ சீட்டுத் தேட மாட்ட, சாக்கெட்டுத் தேடுவ. கதவோரம் நின்னு வயரைச் செருகிக்கிட்டு ராஜீவ் சௌக் வரைக்கும் சொவத்துல சாஞ்சுக்குவ. அந்தக் கரண்டுல ஒரு பங்கு எங்கேருந்து வருது தெரியுமா? மத்தியப் பிரதேசம் ரேவாவுல 750 மெகாவாட்டுக்குத் தகடு விரிச்சிருக்காங்க. 2019 ஏப்ரல்லேருந்து டில்லி மெட்ரோ அங்கேருந்து வாங்குது. பகல்ல ஓடுற ரயிலுக்கு அது நல்ல பங்கு. அங்க எங்கயோ பொட்டல்ல காயுது, கம்பி வழியா வருது, நீ ஏசியில நின்னுக்கிட்டு எடுத்துக்கிற. போனும் குளுகுளுன்னு இருக்கு, பேட்டரியும் தப்பிச்சுச்சு. இதை விட என்ன சோலார் போனுடா வேணும்?

காசுக் கணக்கையும் பாத்துருவோம். தெனமும் உன் போனை அடியிலேருந்து நுனி வரைக்கும் ஏத்தினாலும், சார்ஜர்ல வீணாப் போறதையும் சேத்து வருசத்துக்கு 9 யூனிட்டு ஆகாது. இங்க மொதப் படிக்கு யூனிட்டு 3 ரூவா. 27 ரூவா. மேல அந்த வரி இந்த வரின்னு என்ன போட்டாலும் 50ஐத் தாண்டாது. அதுவும் 200 யூனிட்டு வரைக்கும் காசே வேணாம்னு டில்லி அரசாங்கம் 2019 ஆகஸ்டுல சொல்லிருச்சு. வருசத்துக்கு அம்பது ரூவா மிச்சம் பிடிக்க ஆயிரத்தெண்ணூறு ரூவாய்க்குச் சாமான் வாங்கியிருக்க. போட்ட காசு திரும்ப முப்பத்தாறு வருசம். அந்தச் சாமான் அதுவரைக்கும் இருக்காது. நானும் இருக்க மாட்டேன், அதனால வெவரமா இப்பவே சொல்லிக்கிறேன்.

அந்தச் சாமானோட அளவையும் பாத்தேன். 20,000 மில்லி ஆம்பியர்-மணின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, அப்ப 74 வாட்-மணி. தகடு என் வெத்தலைப் பெட்டி மூடி அளவு. ஒன்றரை வாட்டு வந்தா மகராசன். அம்பது மணி நேர உச்சி வெயிலு, அதாவது பத்து நாளு. பத்து நாளு மழை மேகம் இல்லாம, நெழலு விழாம, குரங்கு தூக்காம. கடைக்காரன் உன்கிட்ட இதைச் சொல்லியிருக்க மாட்டான். நீயும் கேட்டிருக்க மாட்ட. பேரம் பேசி இருநூறு ரூவா கொறைச்சுட்டேன்னு சந்தோசமா வந்திருப்ப.

அதுக்காகச் சூரியனைக் கைவிடச் சொல்லல. அவன் கோவிச்சுக்கிட்டா வடகம் காயாது. உனக்கு நெசமாவே ஆசை இருந்தா, வெயிலு அடிக்கிற எடத்துல களம் போடு. 300 சதுர அடிக் கூரையில 3 கிலோவாட்டுப் போடலாம். நல்ல நாள்ல 12 யூனிட்டு வரும். உன் போனு மாதிரி ஐநூறு போனுக்குச் சோறு. 2024 பிப்ரவரியில வந்த சூர்ய கர் திட்டத்துல அந்த அளவுக்கு மத்திய சர்க்காரு 78,000 ரூவா மானியம் குடுக்குது. டில்லிக்காரன் தன் பங்குக்கு யூனிட்டுக்கு 3 ரூவா ஊக்கத்தொகைன்னு கொள்கை எழுதியிருக்கான். எங்களுக்குத்தான் கூரை இல்லையே, மொட்டைமாடி மேல்வீட்டுக்காரனுக்குல்ல சொந்தம்ங்கிற. தெரியும். அவன்கிட்டத்தான் வடகத்துக்கே உங்கம்மா பெர்மிசன் வாங்கியிருக்கா, பதிலுக்கு அவனுக்கு நாலு படி வடகம். கூரை இல்லாதவங்க சேந்து வேற எடத்துல தகடு போட்டு, ஆளாளுக்குப் பங்கை பில்லுல கழிச்சுக்கிறதுக்கும் அந்தக் கொள்கையில வழி இருக்கு. நீயும் உன் கூட்டாளிக ரெண்டு பேரும் அந்தச் சோலியைப் பிடிங்க. நாலு குடியிருப்பு ஆளுகளைச் சேக்குறது, கையெழுத்து வாங்குறது, தகடு போடுறது, மாசம் ரெண்டு தடவை தொடைச்சுவிடுறது. பேரு கவர்ச்சியா இருக்காது, பத்திரிகையில படம் வராது. ஆனா கரண்டு வரும்.

பேட்டரி சீக்கிரம் தீருதேன்னு பொலம்புறியே, அதுக்கு வைத்தியம் வெயில்ல இல்ல. குதிரு அடியில ஓட்டை. திரை வெளிச்சத்தைக் கொறை. எங்க போனாலும் எடத்தைக் காட்டிக்கிட்டே வர்ற அந்தப் படத்தை அணை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கட்டைவிரலால தள்ளித் தள்ளிப் பாக்குறியே, அதை... சரி, அதை விடு, நடக்குற விசயத்தைப் பேசுவோம். போனைத் தலகாணிக்கு அடியில வச்சுச் சார்ஜ் போடாத, ஜன்னலோரம் வெயில் படுற எடத்துல வைக்காத. நெழல்ல வச்சாலே அது இன்னும் கொஞ்ச காலம் கூட ஒழைக்கும்.

அஞ்சு லட்சத்துக்கு வருவோம். ரெண்டு ஏக்கரை விக்கலடா அப்பு. அது சும்மா கெடக்கலை, களமா கெடக்கு. வர்ற தை மாசம் முண்டு மிளகா பறிச்சா எங்க பரப்புறது? நீ வேணா அப்ப லீவு போட்டுட்டு ஊருக்கு வா. ஒரு வாரம் என் கூட நின்னு வத்தலைப் புரட்டிவிடு. அதுக்கப்புறமும் உள்ளங்கையில சூரியனை அறுக்கணும்னு தோணுச்சுன்னா சொல்லு, உங்கப்பன்கிட்ட நானே பேசுறேன்.

எங்க எந்திரிக்கிற? நில்லு. அந்தக் கருப்புச் சாமானைப் பாரு, நான் வைக்கையில தட்டையா இருந்துச்சு, இப்ப வயிறு உப்பிக்கிட்டு நிக்கிது. தொட்டுப் பாக்காத, அழுத்தாத, சார்ஜ்லயும் போடாத. துணியை வச்சுப் பிடிச்சு நெழல்ல, தரையில, தீப்பிடிக்கிற சாமான் எதுவும் பக்கத்துல இல்லாத எடமா பாத்து வை. குப்பை வண்டியில போட்டுறாத, மின்குப்பை எடுக்குறவங்களைக் கூப்பிட்டுக் குடு. அப்படியே கீழ போய், துணி மூலைக்கு ஒரு செங்கல்லு எடுத்துக்கிட்டு வா.